முழுசா மூடாது

லீவ் விண்ணப்பத்தில், காரணம் என்ற இடத்தில்
‘மகளுக்கு இமை’ என்று எழுதி நிறுத்திவிட்டேன்.
உதவிப் பொறியாளர் கேட்டார்:
இமைக்கு என்னய்யா?

தூக்காது சார். பிறந்ததிலிருந்தே.

ஏழாம் நாள் பூவிழி என்று பேர் வைத்தோம்.
திறந்துவிடும், திறந்துவிடும் என்று காத்திருந்ததில்
வெண்ணாற்றில் ஐந்து முறை தண்ணீர் வந்து போனது.
அவள் மோவாயைத் தூக்கி, நெற்றியைச் சுருக்கி
இரண்டு கீற்றுகளின் வழியே பார்க்கப் பழகிக்கொண்டாள்.
ஐந்து வயசு நெற்றியில்
எனக்கிருப்பதைவிட ஒரு கோடு அதிகம்.
திமிரா நிக்காதே என்றாளாம்
ஒண்ணாங்கிளாஸ் டீச்சர்.

நீடாமங்கலம் இ-சேவை மையத்தில்
கருவிழியைப் பதிய மாட்டேன் என்றது கருவி.
நல்லா திற பாப்பா, இன்னும், இன்னும்.
திறந்துதான் இருக்கேன், என்றாள்.
வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
என் கட்டைவிரல்கள் இரண்டாலும்
இமைகளைத் தூக்கிப் பிடித்தேன்.
அன்றைக்குத்தான் முழுசாய்ப் பார்த்தேன்:
அரசியின் கண், அதே பழுப்பு,
வெயில் படாத பழுப்பு.

தஞ்சாவூரில் அந்த டாக்டர்
புருவத்தை விரலால் அழுத்திக்கொண்டு
கீழே பார், மேலே பார் என்று
சின்ன ஸ்கேல் வைத்து அளந்தார்.
இடது ஒரு மில்லி. வலது அதுவும் இல்லை.
தூக்க வேண்டிய தசை வளரவேயில்லை,
நெற்றித் தசை நன்றாக இருக்கிறது,
தொடையிலிருந்து ஒரு நாடா எடுத்து
இமையைப் புருவத்தோடு கட்டிவிடலாம்,
நெற்றி ஏறினால் இமையும் ஏறும் என்றார்.

எனக்குப் புரிந்தது.
திருகுதண்டு தேய்ந்த பலகையை
பக்கத்துப் பலகையின் சங்கிலியில் கட்டித் தூக்கியிருக்கிறேன்
ஓர் ஐப்பசி வெள்ளத்தில்.
எவ்வளவு தூக்குவீங்க, என்று கேட்டேன்.
அப்போதுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.
அதுதான் கஷ்டம்.
ஏற்றிக் கட்டினால் கண் காயும்.
இறக்கிக் கட்டினால் பழையபடிதான்.
பதினாறு வருஷமாய் என் பிழைப்பும் அதுதான் டாக்டர்:
ஓரங்குலம் கூடினால் கரை போகும்,
குறைந்தால் கடைமடை என்னைத் திட்டும்.

அரசி அதுவரை வாய் திறக்கவில்லை.
கிளம்பிய பிறகு கதவருகே நின்று கேட்டாள்:
கிரகணத்தன்னிக்கு வாழைத்தண்டு நறுக்கினேன். அதனாலயா?
டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.
இல்லைம்மா.

ஐந்து வருஷமாய் எங்கள் வீட்டில்
யாரும் அவளிடம் சொல்லாத சொல்.
நானும்தான்.
அம்மாபேட்டை தாண்டும்வரை
பஸ் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

தூங்கும்போது கொஞ்சம் திறந்தே இருக்கும், பயப்படாதீங்க,
என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.
பயந்தோம்.
விழியின் வெள்ளை ஒரு நூல் தெரிய
மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.
தொடையில் கட்டு, புருவத்துக்கு மேல் புள்ளிப் புள்ளியாய்த் தையல்.
மூன்று மணிக்கு எழுந்து
நெல்மணியளவு களிம்பு பிதுக்கி
கீழிமைக்குள் இழுத்தேன்.
விழியா தூக்கமா என்று தெரியாமல்
கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன்.

அப்புறம் தலைப்புக்குப் போனேன், ராத்திரி முறை.
டார்ச் அடித்தால்
இறக்கிய பலகைகளுக்கு அடியிலும்
ஒரு நூல் தண்ணீர்.
எந்த ஷட்டரும் முழுசா மூடாது.
லஸ்கர் வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிவிடுவார்கள்.

நாற்பது நாள் கழித்து ஒரு காலை
என்னோடு பாலத்துக்கு வந்தாள்.
சுவரில் வெள்ளைப் பெயின்ட் அளவுகோல்.
அதுல நம்பர் எழுதியிருக்குப்பா!
எத்தனையோ தடவை வந்த இடம்தான்.
தண்ணி தொடுறது எந்த நம்பர்?
நாலு. நாலுக்குக் கொஞ்சம் கீழே.
அதைத்தான் போனில் சொன்னேன் ஆபீசுக்கு.

திரும்பிப் பார்த்தால்
மறுபடியும் மோவாய் மேலே.
பழக்கத்தை விடு கண்ணு,
தலையை இறக்கிப் பாரு.

பழக்கமில்லை, என்றாள்.
நீதான்ப்பா உயரமா இருக்கே.